தண்ணீர் உருளும் தரை: தெஷிமாத் தீவின் மூன்று படைப்புகள்

கையை அசைத்தால் சுவரில் பூ மலரும், கால் வைத்தால் தரையில் மீன்கள் விலகி ஓடும் என்ற வகையிலான ஒளிக்காட்சிக் கூடங்கள் டோக்கியோவிலிருந்து சிங்கப்பூர் வரை பெருகிவிட்ட காலம் இது. பார்வையாளரும் பங்கேற்கும் நிறுவல் கலை என்றாலே உணர்கருவிகளும் புரொஜெக்டர்களும்தாம் என்று பலர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. அக்கூடங்களை நான் இகழவில்லை. பிள்ளைகளோடு ஒரு பிற்பகலைக் கழிக்க அவற்றைவிட நல்ல இடம் எளிதில் கிடைக்காது. எனினும் இயற்கை, இடம், நிலையாமை என்று அவற்றின் வாயிலில் எழுதி வைத்திருக்கும் சொற்களுக்கும் உள்ளே நடப்பதற்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. திரையில் பூ உதிர்ந்தாலும் அதை இயக்கும் நிரல் உதிர்வதில்லை. கூடத்தையே பெயர்த்து வேறொரு நகரத்தில் வைத்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. அச்சொற்கள் மூன்றும் உண்மையாகவே பொருந்தும் படைப்புகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் உள்ள தெஷிமாத் தீவுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. அங்கே நான் பார்த்த மூன்று படைப்புகளைப் பற்றியது இம்மதிப்புரை.

ககாவா மாநிலத்தைச் சேர்ந்த தெஷிமா ஏறத்தாழ 14.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. ஆயிரத்துக்கும் குறைவானவர்களே அங்கு வசிக்கிறார்கள். அவர்களிலும் முதியவர்களே அதிகம். நடுவில் 340 மீட்டர் உயரமுள்ள டான்யாமா மலையும், அதன் சரிவில் கராத்தோ என்னும் ஊரில் வற்றாத ஊற்று ஒன்றும் இருப்பதால், தண்ணீருக்குத் தவிக்கும் அக்கம்பக்கத் தீவுகளைப் போலன்றி இங்கே அடுக்கு வயல்களில் நெல் விளைகிறது. இத்தனை வளம் இருந்தும் இத்தீவின் பெயர் ஜப்பானியர்களிடையே நெடுங்காலம் குப்பைத் தீவு என்றே அறியப்பட்டிருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990 வரை ஒரு தனியார் நிறுவனம் தீவின் மேற்கு முனையில் தொழிற்சாலைக் கழிவுகளைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டியும் எரித்தும் வந்தது. தீவு மக்கள் முறையிட்டும் மாநில அரசு கண்டுகொள்ளவில்லை; 1990-இல் பக்கத்து மாநிலமான ஹியோகோவின் காவல்துறை வந்து சோதனையிட்ட பிறகே கொட்டுவது நின்றது. 1993-இல் 549 பேர் சமரசத் தீர்வு கோரி மனுச் செய்து, 2000-இல் மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்கும் வரை போராடினார்கள். தோண்டியெடுத்த கழிவை நவோஷிமாத் தீவுக்குக் கப்பலில் கொண்டுபோய் உருக்கி அழிக்கும் வேலை 2003-இல் தொடங்கி 2017-இல்தான் முடிந்தது. அவ்வாறு அகற்றப்பட்டது 9 லட்சம் டன்னுக்கும் மேல்.

இந்த வரலாறு கலை மதிப்புரைக்கு எதற்கு என்று கேட்கலாம். தெஷிமா கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்ட 2010 அக்டோபரில் தீவின் மறுபக்கத்திலிருந்து கழிவுக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவருக்கு, ஒரு துளி நிலத்தடி நீரை இத்தனை மரியாதையோடு காட்டும் கட்டடம் வெறும் அழகியல் விளையாட்டாகத் தோன்றாது என்பதே என் விடை.

அருங்காட்சியகம் என்ற பெயர் ஏமாற்றக்கூடியது. உள்ளே ஓவியமோ சிற்பமோ இல்லை, அறைகள் இல்லை, காட்சிப் பெட்டிகள் இல்லை. ஒரே கட்டடம், அதற்குள் ஒரே படைப்பு. கட்டடம் ரியூவே நிஷிசாவாவுடையது. கசுயோ செஜிமாவுடன் சேர்ந்து அதே 2010-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற கட்டடக் கலைஞர் அவர். உள்ளிருக்கும் படைப்பு ஹிரோஷிமாவில் பிறந்த ரெய் நைத்தோவுடையது. சீட்டு வாங்கியவுடன் கதவு திறந்துவிடுவதில்லை. ஒரு சிறு குன்றைச் சுற்றிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே, கடலை எட்டிப் பார்த்தபடி நெடுக நடந்த பிறகே அந்த வெண்ணிறக் கூடு கண்ணில் படுகிறது. சுற்றிலும் இருப்பவை அருங்காட்சியகத்தோடு சேர்த்து மீட்டெடுக்கப்பட்ட வயல்கள். ஆளில்லாமல் தரிசாகக் கிடந்தவற்றை உள்ளூர் மக்களும் சேர்ந்து திருத்தி மீண்டும் நடவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த நடை வீண் சுற்று அன்று. பேருந்தின் ஓசையும் கைப்பேசியின் நினைவும் அடங்க அது தேவைப்படுகிறது.

கூட்டின் அளவு ஏறத்தாழ 40 மீட்டருக்கு 60 மீட்டர். மிக உயர்ந்த இடத்திலும் உயரம் 4.5 மீட்டர்தான், கான்கிரீட்டின் தடிமன் 25 சென்டிமீட்டர். ஒரு தூண்கூட இல்லை. நம் ஊரில் மாடி போடும்போது சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, இவ்வளவு தட்டையாகப் பரந்து வளைந்த கூரையை எதன் மேல் வார்த்தார்கள் என்ற கேள்வி உடனே எழும். பலகைக்குப் பதிலாக மண்ணைத்தான் குவித்திருக்கிறார்கள். வேண்டிய வடிவத்தில் ஒரு மேட்டை எழுப்பி, அதன் மேல் பூசி மெழுகி, கம்பி பரப்பி, இடைவிடாமல் கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பின் அடியிலிருந்த மண் முழுவதையும் தோண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். பலகையின் மூட்டுத் தடம் எங்கும் தெரியாததற்கும், சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாததற்கும் காரணம் இதுவே. கூரையில் இரண்டு பெரிய நீள்வட்டத் திறப்புகள் உள்ளன. அவற்றுக்குக் கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளே பெய்கிறது, இலை உதிர்ந்தால் உள்ளே விழுகிறது, பூச்சிகள் தம் விருப்பப்படி வந்து போகின்றன.

காலணியைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த வாயில் வழியாக நுழையும்போது, பேச வேண்டாம், படமெடுக்க வேண்டாம், தண்ணீரை மிதிக்க வேண்டாம் என்று பணியாளர் மெல்லிய குரலில் சொல்கிறார். தண்ணீரா என்று கீழே பார்த்தால் முதலில் எதுவும் தெரிவதில்லை. சிறிது நேரம் கழித்துத்தான், மழைக்குப் பின் சிந்திக் கிடக்கும் ஈரம் என்று நினைத்தவை அசைவது புலப்படுகிறது. தரையில் கண்ணுக்கு எளிதில் படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நிலத்தடி நீர் கசிந்து வருகிறது. நீர் ஒட்டாதபடி தரையைப் பதப்படுத்தியிருப்பதால் அது பரவி ஈரமாவதில்லை, சேம்பிலை மேல் விழுந்த தண்ணீரைப் போலத் திரண்டு நிற்கிறது.

நான் ஒரே ஒரு துளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடுகளவு முளைத்து, மிளகளவு பருத்து, இனித் தாங்காது என்ற நிலையிலும் நெடுநேரம் நடுங்கிக்கொண்டே நின்றது. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கழன்று, வால் நீட்டிக்கொண்டு சரிவில் ஓடி, வழியில் இருந்த இரண்டு துளிகளை விழுங்கி, ஓரிடத்தில் ஐயம் வந்ததுபோல் நின்று, திசை மாறி, திறப்பின் கீழ் தேங்கியிருந்த நீரோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்த கணத்தில் தேக்கத்தின் விளிம்பு மட்டும் சிலிர்த்து அடங்கியது. தட்டை என்று நாம் நம்பும் தரையில் எத்தனை மேடு பள்ளங்கள் என்பதைத் துளிகள்தாம் காட்டிக்கொடுக்கின்றன. அதே துளையிலிருந்து அடுத்து வந்த துளி அதே வழியில் போகவில்லை. காற்று மாறியிருந்தது, வழியில் விழுங்குவதற்கு முன்பிருந்த துளிகளும் இல்லை.

பார்வையாளர் இதில் என்ன செய்கிறார் என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வி. பொத்தான் இல்லை, உணர்கருவி இல்லை, நாம் கையை அசைத்தால் எதுவும் நடக்காது. ஆனால் சற்று நேரத்தில் உள்ளே இருக்கும் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கத் தொடங்குவதைக் கவனித்தேன். பார்வை தரையில், அடி சிறிது, துளி குறுக்கே வந்தால் மனிதர் நின்று அதற்கு வழிவிடுகிறார். ஒருவர் இருமினால் அந்த ஓசை கூரையில் மோதி அரங்கம் முழுவதும் சுற்றிவிட்டு மெல்லத் தேய்கிறது. இருமியவர் தலையைக் குனிந்துகொள்கிறார். குளிர்ந்த காலைகளில் திறப்பு வழியாக விழும் வெயில் வட்டம் நகர நகர, தரையில் உட்கார்ந்திருப்பவர்களும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறார்கள். ஒளிக்காட்சிக் கூடங்களில் படைப்பு நமக்கு ஏற்ப மாறுகிறது. இங்கே படைப்புக்கு ஏற்ப நாம் மாறுகிறோம். பங்கேற்பு என்று சொன்னால் இதைத்தான் பங்கேற்பு என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. திறப்புகளிலிருந்து நைத்தோ தொங்கவிட்டிருக்கும் மெல்லிய இழைகள் காற்றின் வடிவத்தை வரைந்து காட்டுவதால் அவற்றுக்கு அங்கே வேலை இருக்கிறது. தரையில் ஆங்காங்கே அவர் வைத்திருக்கும் சிறு வெண்தட்டுகளுக்கும் குண்டுகளுக்கும் அப்படி ஒரு வேலை எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் தானாகவே செய்வதை அவை அடிக்கோடிட்டுக் காட்டுகின்றன, மிதித்துவிடுவோமோ என்ற பதற்றத்தையும் கூட்டுகின்றன. கூட்டம் இன்னொரு சிக்கல். 2010 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் செத்தோஉச்சி கலைத் திருவிழாக் காலத்தில் தீவுகளுக்கு வருவோர் எண்ணிக்கை பன்மடங்காகிறது, அமைதியே பொருளாக உள்ள ஓரிடத்தால் அதைத் தாங்க முடியாது. படமெடுக்கத் தடை விதித்திருப்பதை மட்டும் நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்; கைப்பேசியை உயர்த்திய கைகளுக்கு நடுவே ஒரு துளியைப் பின்தொடர்வது இயலாத காரியம்.

கராத்தோவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால், ஓஜி என்னும் சிறு கடற்கரையில் கறுத்த மரச்சுவருள்ள ஒரு தாழ்ந்த கட்டடம் தனியாக நிற்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியான் போல்டான்ஸ்கியின் இதயத்துடிப்பு ஆவணக் காப்பகம் அது. 2008 முதல் உலகின் பல இடங்களில் மக்களின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து வந்த அவர், அவற்றையெல்லாம் நிலையாக வைப்பதற்கு 2010-இல் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, ஒற்றைக் குண்டு பல்பு மட்டும் தொங்கும் நீண்ட இருட்டறை. யாரோ ஒருவரின் இதயத்துடிப்பு ஒலிபெருக்கியில் அதிர, அந்தத் துடிப்புக்கு ஏற்பப் பல்பு எரிந்து அணைகிறது. இரண்டாவது, வெள்ளை உடுப்பணிந்த பணியாளர் வழிகாட்ட, ஸ்டெதாஸ்கோப்பை நாமே மார்பில் வைத்து நம் துடிப்பைப் பதிவுசெய்து காப்பகத்தில் சேர்க்கும் அறை. மூன்றாவது, சேர்த்துவைத்த துடிப்புகளைக் கணினியில் தேடிக் கேட்கும் இடம். அதன் சன்னல் கடலைப் பார்த்திருக்கிறது.

இருட்டறை வலிமையானது, ஆனால் அந்த வலிமையில் ஒரு நாடகத்தனம் இருக்கிறது. ஒலி அடிவயிற்றில் இடிக்கும் அளவுக்கு ஓங்கியிருப்பதால், அது மனித உடலின் ஓசை என்ற எண்ணம் மறைந்து இயந்திர ஓசையாகிவிடுகிறது. இதயத்துக்கு இதயம் வேறுபாடு இவ்வளவு இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை என்பதும் உண்மை. ஒன்று குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது, இன்னொன்று தயங்கித் தயங்கி வருகிறது, சிலவற்றில் துடிப்புக்குப் பின்னால் காற்று இரைவது போன்ற ஓசையும் சேர்ந்து கேட்கிறது. பதிவுசெய்வதற்குத் தனிக் கட்டணம், நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம். நம் துடிப்பின் பதிவு ஒன்றைக் கையில் தந்தும் அனுப்புகிறார்கள். அந்த நினைவுப்பொருள் எனக்கு உவப்பாக இல்லை. விட்டுவிட்டு வருவதுதான் இப்படைப்பின் உயிர் என்றிருக்க, பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போவது அதைப் பாதியாக்கிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாம் அறை. பெயரும் ஊரும் மட்டும் தெரிந்த ஒருவரைத் தேர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கேட்கலாம். ஒலியளவு மனித அளவில் இருக்கிறது. கேட்பது உயிரோடிருப்பவரின் துடிப்பா, இறந்துவிட்டவருடையதா என்று பதிவு சொல்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இறந்தவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகும். இறுதியில் அது மட்டுமே எஞ்சும். போல்டான்ஸ்கியே 2021 ஜூலையில் பாரிசில் காலமானார். தம் சாவை வைத்தே பந்தயம் கட்டியவர் அவர் என்பதை இங்கே இடையில் சொல்லிவிடலாம். தாஸ்மானியாவைச் சேர்ந்த சூதாட்டச் செல்வரான டேவிட் வால்ஷ், போல்டான்ஸ்கியின் பணிக்கூடத்தை இரவும் பகலும் படமெடுத்து ஒளிபரப்பும் உரிமைக்காக, விலையை மொத்தமாகத் தராமல் அவர் உயிரோடிருக்கும் வரை மாதந்தோறும் தர ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டுகளுக்குள் கலைஞர் இறந்தால் வால்ஷுக்கு ஆதாயம், தாண்டினால் நட்டம் என்பது கணக்கு. கலைஞர் தாண்டிவிட்டார்.

அவருடைய இன்னொரு படைப்பு, 2016-இல் அமைந்த முணுமுணுப்புக் காடு, மலைமேல் இருக்கிறது. 2014-இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், தாம் பிறந்த இரவின் விண்மீன் அமைப்பைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான மணிகளை நட்ட அவர், அதன் தொடர்ச்சியாக இங்கே மரங்களுக்கு நடுவே 400 காற்றுமணிகளை மெல்லிய தண்டுகளில் தொங்கவிட்டார். ஒவ்வொரு மணியின் நாவிலிருந்தும் ஒரு தெளிந்த தகடு தொங்குகிறது. அதில் வந்து போனவர்கள் தமக்கு அன்பானவரின் பெயரை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். காற்று வந்தால் பெயர்கள் ஒலிக்கின்றன, இல்லாவிட்டால் இல்லை. நான் போன பொழுது முதலில் காற்றே இல்லை. 400 மணிகளும் வாய்மூடித் தொங்கிக்கொண்டிருக்க, மலையேறிய மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு சரிவின் கீழிருந்து காற்று கிளம்பி வந்தபோது மணிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கவில்லை. கீழ்வரிசை ஒலித்து, நடுவரிசை ஒலித்து, மேல்வரிசைக்குப் போய், காற்று எந்த வழியாக நடந்தது என்பதைக் காதால் பின்தொடர முடிந்தது. வெயிலும் மழையும் பட்டுச் சில தகடுகளில் எழுத்து வெளிறியிருந்தது.

மூன்றில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் முதலில் பார்க்கச் சொல்ல மாட்டேன். நைத்தோவின் துளிகளுக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்து பழகாதவர், காற்றில்லாத காட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று இறங்கிவிடக்கூடும். ஏற்றம் செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். தீவின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள், கழிவு கொட்டப்பட்ட மேற்கு முனையில் தீவு மக்கள் நடத்தும் சிறு நினைவுக் காட்சியகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகலாம். அங்கே கழிவு அடுக்குகளின் ஒரு வெட்டுமுகத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

தீவுக்குப் போகும் வழி சிக்கலானதன்று, ஆனால் விட்டுக்கொடுக்காதது. ஒக்காயாமா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஊனோ துறைமுகத்திலும், ஷிக்கோக்குவில் இருப்பவர்கள் தக்காமட்சுவிலும் படகேறி இயேஉரா துறையில் இறங்கலாம். ஊனோவிலிருந்து கார் ஏற்றும் பெரிய படகில் சுமார் 40 நிமிடம், தக்காமட்சுவிலிருந்து விரைவுப் படகில் 35 நிமிடம் ஆகும். விரைவுப் படகுகளில் இருக்கைகள் குறைவு. இறங்கியதும் பேட்டரி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்; இயேஉராவிலிருந்து கராத்தோ வரை ஏற்ற இறக்கங்கள் மிகுதியாக இருப்பதால் சாதாரண சைக்கிளை எடுத்துவிட்டு வருந்த வேண்டாம். பேருந்து உண்டு, அடிக்கடி இல்லை. உணவு விஷயத்தில் மரக்கறி மட்டும் உண்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் சமைக்கும் ஷிமா கிச்சன் என்ற உணவகம் சிறப்பானது, ஆனால் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. அங்கும் மீன்சாறு சேராத உணவு வேண்டுமென்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தால் கவலை இல்லை.

எந்தப் பருவம் என்று கேட்டால், நான் ஜூன் மாத மழைக்காலத்தையே சொல்வேன். வானம் தெளிந்த நாளில் அருங்காட்சியகம் அழகாக இருக்கிறது, மழை நாளில் வேலை செய்கிறது. கலைத் திருவிழா நடக்கும் ஆண்டுகளையும், முடிந்தால் சனி ஞாயிறுகளையும் தவிர்க்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும். குளிர்காலத்தில் மூடும் நாட்கள் இன்னும் கூடும். அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அங்கு மட்டும் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் தீவில் தங்க இடம் கிடைப்பது கடினம் என்பதால், படகு நேர அட்டவணையை முதலில் பார்த்து, அதற்கேற்ப அருங்காட்சியக நேரத்தைக் குறித்துக்கொள்வதே சரியான வரிசை.